ஸ்லாவ்கோ வோர்கபிச்

ஸ்லாவ்கோ வோர்கபிச் (மார்ச் 17, 1894 - அக்டோபர் 20, 1976) சேர்பிய இனத்தைச் சேர்ந்த திரைப்படக் கலைஞர், ஓவியர், ஆசிரியர் ஆவார். 1930களில் ஹாலிவுட் படங்களுக்கு மாண்டேஜ் எனப்படும் சுருக்கக் காட்சித் தொகுப்புகளை உருவாக்கியதன் மூலம் இவர் பெரிதும் அறியப்படுகிறார். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் காலம் கடந்ததையோ இடம் மாறியதையோ சில நொடிகளில் காட்டும் இத்தொகுப்புகளைப் பலரும் வெறும் இணைப்பு வேலையாகவே கருதினர். வோர்கபிச்சோ திரைப்படத்துக்கே உரிய மொழி அந்தச் சில நொடிகளில்தான் வெளிப்படுகிறது என்று வாதிட்டார்.

இளமை

அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சியில் இருந்த சிரெம் பகுதியின் தொப்ரின்சி என்னும் ஊரில் வோர்கபிச் பிறந்தார். இவ்வூர் இன்று சேர்பியாவில் உள்ளது. பெல்கிரேடிலும் புடாபெஸ்டிலும் ஓவியம் பயின்றார். முதல் உலகப் போர் தொடங்கியபின் சேர்பியா சென்ற இவர், சேர்பியப் படைகள் அல்பேனிய மலைகள் வழியே பின்வாங்கியபோது அவற்றுடன் வெளியேறிப் பிரான்சை அடைந்தார். பாரிசில் சில ஆண்டுகள் ஓவியராக வாழ்ந்தார். 1920 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அடுத்த ஆண்டு ஹாலிவுட்டை அடைந்தார். அங்கு ஓவியம் வரைந்ததோடு படங்களில் சிறு வேடங்களிலும் நடித்தார். 1923 இல் வெளிவந்த ஸ்கராமூஷ் என்ற ஊமைப்படத்தில் நெப்போலியனாகத் தோன்றியது அவற்றுள் ஒன்று.

97 டாலர் திரைப்படம்

1928 இல் வெளிவந்த 9413 ஒரு ஹாலிவுட் துணை நடிகனின் வாழ்வும் சாவும் என்ற குறும்படம் இவரது பெயரைப் பரவலாக அறியச் செய்தது. பிரான்சில் பிறந்த இயக்குனரான ராபர்ட் புளோரேயும் இவரும் இணைந்து இதனை உருவாக்கினர். பின்னாளில் சிட்டிசன் கேன் படத்தின் ஒளிப்பதிவாளராகப் புகழ்பெற்ற கிரெக் டோலண்ட் இதன் படப்பிடிப்பில் பங்கேற்றார்.

நட்சத்திரமாகும் கனவுடன் ஹாலிவுட்டுக்கு வரும் ஒருவனின் நெற்றியில் 9413 என்ற எண் எழுதப்படுகிறது. வாய்ப்புத் தேடி அலைந்து, எங்கும் மறுக்கப்பட்டு அவன் இறக்கிறான். விண்ணுலகில்தான் அந்த எண் அழிக்கப்படுகிறது. இக்கதையைப் படமாக்க மொத்தம் 97 டாலர் செலவானதாகக் கணக்கிடப்படுகிறது. அட்டைத் துண்டுகள், சுருட்டுப் பெட்டிகள், விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றைக் கொண்டு வோர்கபிச்சின் வீட்டிலேயே சிறிய நகரம் ஒன்று அமைக்கப்பட்டது. பெரிய படங்களின் படப்பிடிப்பில் மிஞ்சிய படச்சுருள் துண்டுகள் பயன்படுத்தப்பட்டன. மேசைமேல் அடங்கும் மாதிரிகள்கூட, அண்மைக் காட்சியாக எடுத்துச் சரியான வேகத்தில் இணைத்தால், பெருநகராகத் தோன்றும் என்பதை இப்படம் காட்டியது. சார்லி சாப்ளின் இதனைப் பார்த்து வியந்து தம் நண்பர்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். 1997 இல் இப்படம் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஹாலிவுட் மாண்டேஜ்

மாண்டேஜ் என்ற சொல் சோவியத் இயக்குனர்களிடையே படத்தொகுப்புக் கோட்பாடு முழுவதையும் குறித்தது. ஹாலிவுட்டில் அதன் பொருள் குறுகியது. நீண்ட நிகழ்வை ஓரிரு நிமிடங்களுக்குள் சுருக்கிக் காட்டும் பகுதி மட்டுமே அங்கு மாண்டேஜ் எனப்பட்டது. உதிரும் நாட்காட்டித் தாள்கள், அச்சு இயந்திரத்திலிருந்து வெளிவரும் செய்தித்தாள்கள், விரையும் தொடர்வண்டிச் சக்கரங்கள், எழுதும் கை, சுழலும் கடிகார முள் போன்றவை இதற்குப் பயன்பட்டன. இவற்றுள் பல இன்செர்ட் எனப்படும் செருகுக் காட்சிகள் ஆகும். இவற்றில் முதன்மை நடிகர்கள் தேவைப்படுவதில்லை. எனவே முதன்மைப் படப்பிடிப்பிலிருந்து தனியே, சிறு குழுவைக் கொண்டு இவற்றை எடுக்க இயலும்.

ஒரு காட்சி மங்கி மறைகையில் அடுத்தது அதன்மீது தெளிவது டிசால்வ் எனப்படுகிறது. இதையும், பல பிம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பதையும் செய்ய ஆப்டிகல் பிரின்டர் என்னும் கருவி பயன்பட்டது. ஏற்கனவே பதிவான படச்சுருளை மீண்டும் வேறொரு சுருளில் படமெடுப்பதே இக்கருவியின் செயல்பாடு.

வோர்கபிச் பாரமவுண்ட், ஆர்.கே.ஓ., எம்.ஜி.எம். ஆகிய நிறுவனங்களின் படங்களில் பணியாற்றினார். 1934 இல் வெளிவந்த கிரைம் விதவுட் பேஷன் படத்தின் தொடக்கத்தில், சிந்தும் இரத்தத் துளியிலிருந்து கிரேக்கத் தொன்மத்தின் பழிவாங்கும் தேவதைகள் எழுந்து நகரத்தின் மீது பறந்து செல்லும் தொகுப்பு இவருடையது. 1937 இல் வெளிவந்த தி குட் எர்த், மேடைம் ஆகியவற்றின் மாண்டேஜ்களும் இவருடையவையே. 1939 இல் வெளிவந்த மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன் படத்தில், புதிதாக வந்த செனட் உறுப்பினர் தலைநகரின் நினைவுச் சின்னங்களைக் கண்டு நெகிழும் பகுதி குறிப்பிடத்தக்கது. கதையில் அவர் அன்று செய்வது ஊரைச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே. ஆனால் அவரது பிற்பகுதிப் போராட்டம் முழுவதற்கும் காரணமான நம்பிக்கையை இப்பகுதிதான் பார்வையாளருக்கு உணர்த்துகிறது. இவரது புகழ் காரணமாகத் திரைக்கதைகளில் மாண்டேஜ் வரவேண்டிய இடத்தை வோர்கபிச் என்றே குறிக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

ஆயினும் இவர் திட்டமிட்டவாறே எல்லாம் திரையை அடையவில்லை. இவரது தொகுப்புகள் பல, படம் வெளிவரும் முன்னர் நிறுவனங்களால் குறைக்கப்பட்டன. ஒரு முழுப்படத்தின் வடிவத்தை முடிவு செய்யும் உரிமை அங்கு இவருக்குக் கிடைக்கவில்லை. 1931 இல் ஐ டேக் திஸ் உமன், 1933 இல் தி பாஸ்ட் ஆஃப் மேரி ஹோம்ஸ் ஆகிய படங்களை இயக்கியபோதும் இயக்குனர் பொறுப்பை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார். கதையின் கட்டுப்பாடு இன்றி, ஜான் ஹாஃப்மன் என்பவருடன் இணைந்து 1941 இல் மூட்ஸ் ஆஃப் தி சீ என்ற குறும்படத்தை எடுத்தார். இதில் மெண்டல்சோனின் இசைக்கேற்பக் கடலலைகளும் பறவைகளும் தொகுக்கப்பட்டுள்ளன.

கோட்பாடு

நாடகம் ஒன்றை நடிக்கவைத்து அதைப் பதிவு செய்வது வேறு, திரைப்படம் படைப்பது வேறு என்பது வோர்கபிச்சின் அடிப்படைக் கருத்து ஆகும். முன்னதில் கேமரா பதிவுக் கருவி மட்டுமே. பின்னதில் அசைவே மூலப்பொருள். திரையில் காணும் அசைவைக் கண் மட்டுமன்றிப் பார்ப்பவரின் தசைகளும் உணர்கின்றன என்று இவர் கருதினார். முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகை அன்று என்னும் கெஸ்டால்ட் உளவியலிலிருந்தும் இவர் கருத்துக்களைப் பெற்றார். தனித்தனியே பொருளற்ற இரு துண்டுகள் சேரும்போது, இரண்டிலும் இல்லாத ஓர் அசைவு பார்வையாளரின் மனத்தில் பிறக்கலாம். அவ்வாறாயின் எந்தத் துண்டும் சிறியது அன்று.

ஆசிரியப் பணி

1949 முதல் 1951 வரை தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படத் துறைக்குத் தலைவராக இருந்தார். பின்னர் யுகோஸ்லாவியா திரும்பி பெல்கிரேடில் நாடக, திரைப்படக் கல்விக்கழகத்தில் கற்பித்தார். அங்கு 1955 இல், இசாக் சமோகோவ்லியாவின் கதையைத் தழுவி ஹன்கா என்ற முழுநீளப் படத்தைத் தனியாக இயக்கினார். அப்போது இவரது வயது 61. அப்படம் 1956 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. 1965 இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் திரைப்படத்தின் காட்சி இயல்பு பற்றி இவர் ஆற்றிய தொடர் விரிவுரைகள் பெரும் கவனத்தைப் பெற்றன. 1976 இல் ஸ்பெயினின் மிஹாஸ் என்னும் ஊரில் காலமானார்.

தாக்கம்

இவரது காலத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் மாண்டேஜ் பிரிவை நடத்திய டான் சீகல் பின்னர் புகழ்பெற்ற இயக்குனரானார். ஹாலிவுட் படங்களில் தனி மாண்டேஜ் பிரிவுகள் மறைந்துவிட்டபோதிலும் அவற்றின் முறை தொலைக்காட்சி விளம்பரங்களில் தொடர்கிறது. 30 நொடி விளம்பரம் ஒன்றில் காட்சிகளை விரிக்க இடமில்லை. கோப்பையிலிருந்து எழும் ஆவி, கதவைத் திறக்கும் கை, சாளரத்தில் விழும் காலை ஒளி ஆகிய மூன்று செருகுக் காட்சிகளே ஒரு வீட்டின் விடியலைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றின் அசைவு எத்திசையில் முடிகிறதோ அத்திசையில் அடுத்ததைத் தொடங்கினால் இணைப்பு உறுத்துவதில்லை. வோர்கபிச் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய பாடமும் இதுவே. முழுப்படத்துக்கு வேண்டும் என்று அவர் கேட்ட மொழி, அவர் பணியாற்றிய இணைப்புப் பகுதிகளைப் போன்றே குறுகிய விளம்பரப் படங்களில் இன்று அன்றாடம் பயன்படுகிறது.