நியூ லானார்க் ஓவன் குடும்பத்தார்

தொழிலாற் பொருள் ஈட்டினோர் உலகிற் பலர். அப்பொருளோடு தொழிலாளரின் அன்பையும் ஈட்டினோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் இராபர்ட் ஓவன் என்னும் கனவான். அவரது ஜீவிய சரித்திரத்தை நம் சங்க அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1771-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு நியூடவுனில், சேணம் தைத்து விற்ற ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். பத்தாம் பிராயத்திலேயே வீடு நீங்கித் துணிக்கடையில் வேலை பயின்றார். இருபது வயதளவில் மான்செஸ்டரில் ஒரு பெரிய நூலாலைக்கு மானேஜரானார். 1799-ல் கிளாஸ்கோ வணிகர் டேவிட் டேலின் புதல்வி கரோலைன் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டே மாமனாரின் நியூ லானார்க் ஆலைகளைக் கூட்டாளிகளுடன் 60,000 பவுனுக்கு வாங்கி, 1800-ல் நிர்வாகத்தை ஏற்றார்.

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் அமைந்தது அவ்வூர். ஆற்றுநீரின் வேகமே ஆலைச் சக்கரங்களைச் சுழற்றியது. அங்கிருந்த ஏறக்குறைய 2,000 பேரும் அயலூரிலிருந்து வந்த புது முதலாளியை முதலில் நம்பினாரல்லர். பின்னர் அமெரிக்கப் பருத்தி வரவு தடைப்பட்டு, ஆலைகள் நான்கு மாதம் நின்றன. ஓவனோ ஒருவரையும் விலக்காது, முழுக் கூலியும் கொடுத்தார். அதற்கு 7,000 பவுனுக்கு மேற் செலவாயிற்று. அன்றுமுதல் ஊரார் மனம் அவர்பால் திரும்பியது.

பத்து வயது நிரம்பாத சிறுவரை அவர் வேலைக்கு ஏற்கவில்லை. வேலை நேரத்தைப் பத்தரை மணியாகக் குறைத்தார். நல்ல சாமான்களை மொத்தமாய் வாங்கிச் சகாய விலைக்கு விற்கும் கடையை நடத்தி, அதன் இலாபத்தைப் பள்ளிக்கு உதவினார். 1816-ல் திறந்த கல்விச்சாலையில், நடை பயின்ற குழந்தைகளும் பிரம்படியின்றி ஆடியும் பாடியும் கற்றனர்.

ஓவனும் அம்மையாரும் முதலில் ஊர் நடுவே தொழிலாளர் வீடுகளுக்கு அருகிலேயே குடியிருந்தனர். அவர்களுக்கு மக்கள் எழுவர் வளர்ந்தனர். அம்மையார் ஆழ்ந்த தெய்வ பக்தியுடையவர். கணவரோ 1817-ல் மதங்களைப் பகிரங்கமாய்க் கண்டித்தார். 1825-ல் அவர் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்னும் சமத்துவக் குடியிருப்பை நிறுவினார். அது இரண்டே ஆண்டுகளிற் குலைந்தது; அவர் செல்வத்தின் பெரும்பகுதியும் அதனோடு போயிற்று. ஸ்காட்லாந்திலேயே தங்கிவிட்ட அம்மையார் 1831-ல் காலமானார். ஊராரின் குடும்பங்களைப் பேணியவர் தம் இல்லாளைப் பிரிந்தே இருந்தமை நமக்கு வருத்தம் தருவதேயாம்.

ஆயினும் மக்கள் தந்தையின் பெயரைக் காத்தனர். மூத்தவர் இராபர்ட் டேல் அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினரானார். டேவிட் டேல் நிலவியல் அறிஞரானார். ரிச்சர்ட் பர்டியூ சர்வகலாசாலையின் முதல் தலைவரானார். தந்தையார் 1858-ல் தாம் பிறந்த ஊரிலேயே இயற்கை எய்தினார்.

ஆலைகள் 1968-ல் நின்றன. 2001-ல் அவ்வூர் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம்மிற் பிறருக்கு வேலை கொடுப்போர் நெருக்கடியில் அவர்களைக் கைவிடாதிருத்தலையும், அவ்வன்பில் தம் இல்லத்தார்க்கும் பங்களித்தலையும் இச்சரித்திரத்தினின்று கொள்வாராக.