ஒரு காலின் அழுத்தம்! - பிளெய்ஸ் பாஸ்கல்

குழந்தைகளே! பள்ளி வேனில் நீங்கள் எத்தனை பேர் போகிறீர்கள்? அத்தனை பேரையும் சுமந்து ஓடும் வேனை ஓட்டுநர் ஒரே காலால் மிதித்து நிறுத்திவிடுகிறாரே, எப்படி? அதற்கு அடிப்படையான விதியைச் சொன்னவர் மோட்டார் வாகனத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவர்தான் பிளெய்ஸ் பாஸ்கல்.

1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டின் கிளேர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். தந்தை எத்தியேன் தாமே மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். முதலில் மொழிகளைக் கற்கட்டும் என்று கணிதப் புத்தகங்களை மட்டும் கண்ணில் படாமல் வைத்தார்.

சிறுவன் சும்மா இருக்கவில்லை. 12 வயதில் தரையில் கரியால் படம் வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று தானே கண்டறிந்தான். இதை அவனுடைய அக்கா எழுதி வைத்திருக்கிறார். வியந்த தந்தை கணிதப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

வரிக் கணக்குப் போட்டுக் களைத்த தந்தைக்கு உதவ, 1642இல், 19 வயதில், கணக்கிடும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார் பாஸ்கல்.

பிறகு திரவங்களை ஆராய்ந்தார். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். இதுவே பாஸ்கல் விதி. பாத்திரத்துக்குச் சிறிய வாய் ஒன்றும், அதைப் போல் நூறு மடங்கு பெரிய வாய் ஒன்றும் இருக்கட்டும். சிறிய வாயில் ஒருவர் அழுத்தினால், பெரிய வாயில் நூறு பேர் பலம் கிடைக்கும். ஆனால் இங்கே நூறு அங்குலம் தள்ளினால்தான் அங்கே ஒரு அங்குலம் நகரும்!

1921இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டியூசன்பெர்க் காரில், நான்கு சக்கரங்களுக்கும் இந்த விதிப்படி ஆயில் பிரேக் இருந்தது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படும். அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரங்களுக்குப் போய், பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும். சக்கரம் நிற்கும்.

பழைய வேனில் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால், மெக்கானிக் முதலில் பெடலை மிதித்துப் பார்ப்பார். பெடல் அதிக ஆழம் இறங்குகிறதா? ஷூவில் உள்ள லைனிங் தேய்ந்திருக்கலாம். ஷூ கூடுதல் தூரம் நகர வேண்டியிருப்பதால், பெடலும் கூடுதலாக இறங்குகிறது. டிரம்மைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் புது லைனிங் போடுவார்.

பெடல் பஞ்சு போல் அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கும். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். மிதித்த பலம் அதிலேயே போய்விடும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் உள்ள சின்னத் திருகைத் திறந்து மூடி, குமிழி வராத வரை ஏர் எடுப்பார்கள்.

மிதித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? ரப்பர் வாஷர் தேய்ந்து ஆயில் கசியலாம். பாத்திரம் மூடியிருந்தால்தானே பாஸ்கல் விதி வேலை செய்யும்? ஆயிலை மட்டும் ஊற்றி ஓட்டுவது ஆபத்து. வாஷரை மாற்ற வேண்டும். வேன் சக்கரத்தின் உள்பக்கம் ஈரக்கசிவு தெரிந்தால், உடனே ஓட்டுநரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

வாழ்நாளின் பெரும்பகுதி நோயோடு போராடினார் பாஸ்கல். ஆனாலும் 1662 மார்ச்சில், பாரிஸ் நகரில் குறைந்த கட்டணத்தில், குறித்த வழியில் ஓடும் குதிரை வண்டிச் சேவை தொடங்கக் காரணமாக இருந்தார். அதில் வரும் பணம் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று விரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் தேதி, 39 வயதில் மறைந்தார். திரவங்களைப் பற்றிய அவரது நூல் அடுத்த ஆண்டுதான் அச்சானது.

இன்று அழுத்தத்தின் அலகுக்கே பாஸ்கல் என்று பெயர். குறுகிய வாழ்வில் அவர் கண்ட ஓர் உண்மை, இன்றும் எத்தனையோ உயிர்களைக் காக்கிறது!