சந்தையும் சாதி பார்த்தது: அண்ணலின் பணி வாழ்வு

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி ஊர்களிலிருந்து பட்டம் பெற்று, தனியார் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவில் சேரும் நம் இளைஞர்களிடம் ஒரு நம்பிக்கையை விதைத்திருக்கிறோம்: திறமையைக் காட்டினால் சாதி மறைந்துவிடும் என்று. நல்ல வாடிக்கையாளர்களும் பதவி உயர்வும் மேலாளருக்கு வேண்டியவர்களுக்கே செல்லும்போது, அவர்கள் தங்கள் திறமையையே ஐயுறுகிறார்கள். அண்ணல் அம்பேத்கரின் தொடக்ககாலப் பணி வாழ்வு அந்த ஐயத்தைப் போக்கும்.

1891இல் பிறந்த அண்ணல், பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று பொருளியல் பயின்றார். உதவித்தொகையின் நிபந்தனைப்படி 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அங்கே ஏவலர்கள் அவர் மேசையில் கோப்புகளைத் தொலைவிலிருந்து வீசினர். அலுவலகத்தில் குடிநீர் மறுக்கப்பட்டது. அடையாளத்தை மறைத்துத் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. மன்னரின் ஆதரவு பெற்றவருக்கே அந்நகரில் தலைசாய்க்க இடமில்லை.

பம்பாய் திரும்பியவர், பங்கு முதலீட்டாளர்களுக்கு ஆலோசனை வழங்கும் தொழிலைத் தொடங்கினார். வாடிக்கையாளர்கள் வந்தனர். அவர் மகார் சாதியினர் என்று தெரிந்ததும் வருகை நின்றது, தொழில் முடங்கியது. ஆலோசனையில் பிழையில்லை. இலாபத்தை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லப்படும் சந்தை, இலாபத்தை விட்டுச் சாதியைப் பார்த்தது. 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும், பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர்.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு அண்ணல் மேலதிகாரிகளின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கவில்லை, விதிகளை நாடினார். 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்ததில் அவர் பங்கு பெரிது. பின்னர் அவர் தலைமையில் வரைவு பெற்ற அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு வேலையில் சமவாய்ப்பை உரிமையாக்கியது.

ஆயினும் அப்பிரிவு அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. தனியார் நிறுவனத்தில் யாருக்கு எந்த விற்பனைப் பகுதி, யாருக்கு ஊக்கத்தொகை என்பதை அது தீண்டுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கும். ஓசையின்றிப் பதவி உயர்வை மறுப்பவரை அதன்கீழ் நிறுத்துவது கடினம். எனவே தனியார் துறையில் இடஒதுக்கீடும், பணியிடப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச்சட்டமும் நம் கோரிக்கைகளாக வேண்டும். அதுவரை இளைஞர்கள் தங்கள் விற்பனைக் கணக்கையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் பத்திரப்படுத்தட்டும். வழக்காடும் நாளில் அவையே சான்று.