மலையைப் படித்த மேதை

பினாங்குத் தீவின் பெரும்பகுதி மலைப்பாங்கானது. அம்மலைகள் கருங்கல் பாறையால் ஆனவை. மலையை வெட்டிச் சாலை அமைத்த இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பாறையின் முகப்பில் சிறு குழாய்கள் வரிசையாகச் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். மழை பெய்து ஓய்ந்த பின்னும் அவற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். உறுதியான பாறைக்கு எதற்காகக் குழாய்? இக்கேள்விக்கான விடையை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் கார்ல் தெர்சாகி.

தெர்சாகி 1883ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிராக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஆஸ்திரிய இராணுவ அதிகாரி. பத்து வயதில் இராணுவ விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்ட தெர்சாகிக்குப் புவியியலிலும் வானியலிலும் ஆர்வம் பிறந்தது. பின்னர் அவர் கிராஸ் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, 1904இல் பட்டம் பெற்றார். எனினும், அவர் மனம் இயந்திரங்களில் நிலைக்கவில்லை. மலைகளையும் பாறைகளையுமே நாடியது. இராணுவச் சேவையின்போது ஆங்கில நிலவியல் நூல் ஒன்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பிறகு, கட்டுமானத் துறையில் பணியாற்றத் தொடங்கினார்.

அக்காலத்தில் அணைகள் உடைவதும் கட்டடங்கள் சாய்வதும் மலைச்சரிவுகள் இடிந்து விழுவதும் அடிக்கடி நிகழ்ந்தன. ஆனால், அவை ஏன் நிகழ்கின்றன என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலவில்லை. பொறியியலாளர்கள் அனுபவத்தையும் ஊகத்தையும் நம்பியே வேலை செய்தனர். இந்நிலையை மாற்ற விரும்பிய தெர்சாகி, 1912இல் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்குப் பல அணைக்கட்டுப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்துக் குறிப்புகளைத் திரட்டினார். ஏறத்தாழ ஈராண்டு உழைப்புக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஏமாற்றமே. களிமண், மணல், வண்டல் எனப் பெயர்கள் இருந்தன. அவற்றின் தன்மையைக் காட்டும் அளவுகள் இல்லை. அளவுகள் இல்லாத குறிப்புகளிலிருந்து எந்த விதியையும் உருவாக்க முடியாது என்பதை அவர் உணர்ந்தார்.

1916இல் இஸ்தான்புல் நகரின் பொறியியல் கல்லூரியில் அவருக்கு விரிவுரையாளர் பணி கிடைத்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் அப்பணி பறிபோனது. அதே நகரில் இயங்கிய ராபர்ட் கல்லூரியில் அவர் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். அங்கு முறையான ஆய்வுக்கூடம் இல்லை. அதனால், அவர் மனம் தளரவில்லை. காலியான சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப் போட்ட பொருள்களையும் கொண்டு ஆய்வுக் கருவிகளைத் தாமே செய்துகொண்டார். மண்ணை அழுத்தி, நனைத்து, அளந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பினாங்குக் கொடிமலை இரயில் ஓடத் தொடங்கிய அதே 1923ஆம் ஆண்டில், களிமண் அழுந்தும் விதத்தை விளக்கும் கணிதக் கோட்பாட்டை அவர் வெளியிட்டார். 1925இல் வெளிவந்த அவரது நூல் மண் இயக்கவியல் எனும் புதிய துறைக்கு அடித்தளமிட்டது.

அவர் கண்டறிந்த உண்மையை ஓர் எளிய எடுத்துக்காட்டின்வழி புரிந்துகொள்ளலாம். காற்று நீக்கி அடைக்கப்பட்ட காப்பித்தூள் பொட்டலம் செங்கல்லைப் போல் இறுகியிருக்கும். அதன் முனையை வெட்டியதும் காற்று உள்ளே புகும்; உடனே பொட்டலம் தளர்ந்துவிடும். தூள் மாறவில்லை. துகள்களை ஒன்றோடொன்று நெருக்கிய விசையே குறைந்துவிட்டது. மண்ணிலும் இவ்வாறே நிகழ்கிறது. கனத்த மழையின்போது மண்துகள்களுக்கு இடையே நீரழுத்தம் கூடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குறைகிறது. முடிவில் சரிவு நழுவுகிறது.

1925இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தெர்சாகியை அழைத்துக்கொண்டது. 1929இல் அவர் வியன்னாவுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு ரூத் எனும் நிலவியல் அறிஞரை மணந்தார். 1938இல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியின் பிடிக்குள் வந்த பின், அவர் மீண்டும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. செங்குத்தான பாறைச் சரிவுகளைப் பற்றிய அவரது கட்டுரை 1962இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டைக் கடந்திருந்தது. பாறை எவ்வளவு கடினமானது என்பதைக் காட்டிலும், அதில் உள்ள பிளவுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதே முக்கியம் என அவர் விளக்கினார். பிளவுகள் சாலையை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஆபத்து அதிகம். அப்பிளவுகளில் நீர் நிரம்பினால், அதன் அழுத்தம் பாறையைத் தள்ளிவிடும். ஆகவேதான், பாறையில் துளையிட்டுக் குழாய் செருகி நீரை வெளியேற்றுகின்றனர். தளர்ந்த பாறைகளை நீண்ட எஃகுக் கம்பிகளால் பின்னுள்ள உறுதியான பாறையோடு பிணைக்கின்றனர். ரூத்தும் இத்துறைக்குப் பங்களித்தார். துளையிட்டுப் பிளவுகளை எண்ணும்போது, துளைக்கு இணையாக உள்ள பிளவுகள் கணக்கில் விடுபடுவதைச் சுட்டிக்காட்டி, அதைத் திருத்தும் முறையை அவர் 1965இல் வெளியிட்டார்.

இயற்கையை முழுமையாகக் கணித்துவிட முடியும் எனத் தெர்சாகி எண்ணியதில்லை. கட்டுமானம் நடக்கும்போதே நிலத்தை அளந்து, தேவைக்கேற்பத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தமக்குச் சரியெனப் படாததை அவர் ஏற்றுக்கொண்டதும் இல்லை. எகிப்தின் அஸ்வான் அணைத் திட்டத்தின் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், கருத்து வேறுபாட்டால் 1959இல் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் இத்தாலியின் வயோந்த் அணைக்கட்டில் பெருந்துயரம் நிகழ்ந்தது. மலையின் ஒரு பக்கம் முழுவதும் நீர்த்தேக்கத்தினுள் சரிந்தது. அணை உடையவில்லை. ஆனால், அணையைத் தாண்டிப் பாய்ந்த பேரலை ஏறத்தாழ 2,000 உயிர்களைப் பலிகொண்டது. மலையைப் படிக்காமல் அணையை மட்டும் உறுதியாகக் கட்டினால் போதாது என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அதே மாதம் 25ஆம் நாள் தெர்சாகி காலமானார். கனடாவில் அவர் வடிவமைப்பில் பங்காற்றிய அணைக்கு 1965இல் அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

நம் நாட்டிலும் இவ்வறிவு மிகத் தேவை. 2003ஆம் ஆண்டு நவம்பரில் புக்கிட் லாஞ்சானில் பாறைச் சரிவு இடிந்து நெடுஞ்சாலையை மூடியது. அடுத்த ஆண்டே பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியல் பிரிவு தொடங்கப்பட்டது. சரிவிலுள்ள வடிகால் அடைபட்டிருந்தாலோ, புதிய வெடிப்பு தென்பட்டாலோ பெரியவர்களிடமும் அதிகாரிகளிடமும் தெரிவிப்பது நம் கடமையாகும். குப்பையால் அடைபட்ட ஒரு சிறு குழாயும் ஒரு மலைச்சரிவைத் தளரச் செய்யலாம்.

அருஞ்சொற்பொருள்
ஊகம் – உய்த்துணர்தல்
வண்டல் – நீர் அடித்து வந்து படியவிட்ட மண்
நிலவியல் – நிலத்தின் அமைப்பை ஆராயும் துறை
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் ஆற்றல்

கருத்துணர் கேள்விகள்
1. அமெரிக்கப் பயணம் தெர்சாகிக்கு ஏன் ஏமாற்றம் அளித்தது?
2. காப்பித்தூள் பொட்டலத்தின்வழி விளக்கப்படும் உண்மை யாது?
3. பாறைச் சரிவுகளில் குழாய் செருகப்படுவதன் காரணத்தை விளக்குக.
4. தெர்சாகியிடம் நீ கண்ட இரு பண்புகளைச் சான்றுடன் எழுதுக.