வான் வழி கண்ட டாட்டா

பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையே ஆகாய மார்க்கமாக சுமார் 1,030 கிலோ மீட்டர் தூரம். ரெயிலில் போனால் ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. விமானத்தில் 2 மணி நேரம்தான்.

இந்த வழியில் முதன் முதலாக விமானத் தபால் சர்வீஸ் நடத்தியவர், தொழில் அதிபர் ஜே.ஆர்.டி.டாட்டா.

இவர் 1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி இனத்தவர். தாயார் பிரெஞ்சு பெண்மணி.

ஆங்கிலக் கால்வாயை முதன் முதலில் விமானத்தில் கடந்த பிளேரியோவுக்கு, பிரான்சு கடற்கரையில் இவர்கள் வீட்டின் அருகே ஒரு வீடு இருந்தது. அங்கே விமானங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு, தானும் பறக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது.

1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அந்த ஆசை நிறைவேறியது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்சு இவருக்குத்தான் கிடைத்தது.

விட்டுக் கொடுத்தார்

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். 1930-ல் டாட்டா கராச்சியில் இருந்து புறப்பட்டார். ஆஸ்பி என்ஜினீயர் என்ற வாலிபர் இங்கிலாந்தில் இருந்து வந்து கொண்டிருந்தார்.

வழியில், எகிப்தில் இருவரும் சந்தித்தார்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி தவித்துக் கொண்டிருந்தார். போட்டியாளர் என்று பாராமல், தன்னிடம் இருந்ததை டாட்டா கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப்படைத் தளபதி ஆனார்.

மாட்டு வண்டியில் பெட்ரோல்

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலையில் தபால் மூட்டையுடன் கராச்சியில் இருந்து டாட்டா கிளம்பினார். சின்னஞ்சிறு விமானம். ஆமதாபாத்தில் இறங்கியபோது, பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது! பிற்பகலில் பம்பாய் ஜுகுவில் இறங்கினார். கராச்சியில் இருந்து பம்பாய் வந்து சேர 7 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அங்கிருந்து அவரது கூட்டாளியான நெவில் வின்சென்ட் வேறொரு விமானத்தில் தபாலை ஏற்றிக் கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார்.

ஜுகுவில் அப்போது இருந்தது வெறும் மண் தரைதான். மழைக் காலத்தில் அங்கே விமானம் இறங்க முடியாது. ஆகவே அந்த மாதங்களில் பூனாவுக்கு மாறிக் கொண்டார்கள்.

கை நழுவியது

அந்தச் சிறு கம்பெனி வளர்ந்து 1946-ல் "ஏர்-இந்தியா" ஆயிற்று. 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது.

1953-ல் விமான கம்பெனிகளை அரசு ஏற்றுக் கொண்டது. டாட்டா அதை எதிர்த்தார். ஆனாலும் தலைவராக இருந்து பணியாற்ற சம்மதித்தார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை அந்தப் பதவியில் இருந்து நீக்கியது.

டாட்டா சோர்ந்து விடவில்லை. 1982-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, தன் 78-வது வயதில், பழைய மாதிரி சிறிய விமானம் ஒன்றை கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தானே ஓட்டி வந்தார். முதல் பயணம் நடந்து அன்றோடு சரியாக 50 ஆண்டுகள்.

1992-ல் "பாரத ரத்னா" விருது பெற்றார். 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரீசில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

2022-ம் ஆண்டு ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. அதைக் காண அவர் இல்லை.