வரவுக்குள் வாழ்ந்த தத்துவஞானி

எளிய வாழ்க்கை என்றதும் காடும் குகையும் காவியுடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வாடகை அறையில் குடியிருந்து, கடையில் பொருள் வாங்கி, மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, ஆண்டு முடிவில் வரவும் செலவும் சரியாக நிற்கும்படி வாழ்ந்த ஞானியரும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டில் வாழ்ந்த ஸ்பினோசா அத்தகையவர். உள்ள பொருள் ஒன்றே, இறைவனுக்குப் புறம்பாக எதுவும் இல்லை என்று நிறுவ முயன்ற அவரது தத்துவத்தை வேதாந்தம் பயின்றோர் நெருக்கத்துடன் படிப்பதுண்டு. அந்தத் தத்துவம் எத்தகைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பதும் அறியத்தக்கதே.

வணிகர் வீட்டுப் பிள்ளை

ஸ்பினோசா 1632 நவம்பர் 24 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகக் குடும்பம் அவருடையது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். 1654-இல் தந்தையும் மறைந்தார். தம்பியுடன் சேர்ந்து தந்தையின் வாணிபத்தை நடத்தினார் ஸ்பினோசா. ஆனால் அது ஏற்கெனவே கடன் சுமையில் தத்தளித்துக் கொண்டிருந்தது. கடன் என்பது மனிதனின் உறக்கத்தையும் சுதந்திரத்தையும் எவ்வாறு விழுங்கும் என்பதை அவர் இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்.

1656 ஜூலை 27 அன்று இன்னொரு இடி விழுந்தது. அவருடைய கருத்துக்கள் மதத்திற்கு மாறானவை என்று கூறி, யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. யாரும் அவருடன் பேசக் கூடாது, அவரோடு ஒரே கூரையின் கீழ்த் தங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று ஆணையிடப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. உறவு, நட்பு, வாணிபத் தொடர்பு ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அறுபட்டன. சுயமாகச் சிந்திக்க வேண்டும். அதே சமயம் பிழைக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு ஒன்றாக நிறைவேற்றுவது என்பதே அவர் முன் நின்ற கேள்வி.

அவரது வரலாற்றை 1705-இல் எழுதியவர் கொலேரஸ் என்னும் லூத்தரன் பாதிரியார். ஸ்பினோசாவின் கொள்கைகளை அவர் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் அந்த மனிதரின் வாழ்க்கையை, நேரில் அறிந்தவர்களிடம் விசாரித்து உண்மையாகப் பதிவு செய்தார். தந்தையின் சொத்தில் ஸ்பினோசாவுக்குப் பங்கு இல்லை என்று உடன்பிறந்தார் வாதிட்டதாகவும், அவர் வழக்காடித் தமது உரிமையை நிலைநாட்டிய பின் ஒரு கட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். உரிமையை விட்டுக்கொடுக்காததும், பொருளைப் பற்றிக் கொள்ளாததும் அவரிடம் ஒருங்கே இருந்தன.

கண்ணாடி தேய்த்த கைகள்

பிழைப்பிற்காக அவர் மேற்கொண்டது கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடும் தொழில். தொலைநோக்கிகளும் நுண்ணோக்கிகளும் புதிதாகப் பரவிய காலம் அது. கையும் கண்ணும் ஒருமுகப்பட வேண்டிய வேலை. தனிமையில் செய்யத்தக்க வேலை. எவருடைய தயவையும் நாடி நிற்க வேண்டாத வேலை. அவரது வில்லைகளின் தரத்தை ஹைகன்ஸ் போன்ற பெரும் விஞ்ஞானியே பாராட்டினார். ஆயினும் அதில் கிடைத்த வருவாய் சிறிது.

1661 வாக்கில் லைடன் நகருக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பர்க் கிராமத்திற்கும், 1663-இல் வோர்பர்க் என்னும் ஊருக்கும் அவர் குடிபெயர்ந்தார். செல்வம், புகழ், புலனின்பம் ஆகிய மூன்றையுமே மனிதர் உயர்ந்த நன்மையாகக் கருதி ஓடுகின்றனர் என்று தமது இளமைக்கால நூல் ஒன்றில் அவர் ஆராய்ந்தார். செல்வத்தைச் செல்வத்திற்காகவே தேடினால் அதற்கு எல்லை கிடையாது. மேலான ஒன்றை அடையும் சாதனமாகக் கொண்டால் அதற்கு ஓர் அளவு தானே ஏற்பட்டுவிடும் என்று கண்டார். உயிருக்கும் உடல்நலத்திற்கும், ஊர் வழக்கத்தை ஒட்டி வாழ்வதற்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு பணத்தையே தேடுவது என்று தமக்கு விதி வகுத்துக்கொண்டார். எழுதிய விதியின்படியே இறுதிவரை வாழ்ந்தார் என்பதே அவரது சிறப்பு.

ஐந்நூறு முந்நூறானது

சைமன் டி விரிஸ் என்னும் செல்வந்த இளைஞர் ஸ்பினோசாவிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். தம் ஆசான் சிரமப்படுவதைக் காணப் பொறாமல் ஒரு முறை 2,000 கில்டரை அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். தமக்கு எதுவும் குறைவில்லை என்றும், அவ்வளவு பணம் கையில் வந்தால் தம் படிப்பிலிருந்து மனம் விலகிவிடும் என்றும் சொல்லி ஸ்பினோசா மறுத்துவிட்டார்.

டி விரிஸ் 1667-இல் இளம் வயதிலேயே காலமானார். அதற்கு முன் தமது சொத்து முழுவதற்கும் ஸ்பினோசாவையே வாரிசாக்க விரும்பினார். இரத்த உறவினர் இருக்கையில் அது முறையன்று என்று ஸ்பினோசா தடுத்துவிட்டார். பிறகு அவருக்கு ஆண்டுதோறும் 500 கில்டர் வழங்கும்படி ஏற்பாடாயிற்று. அதையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. தமக்கு 300 போதும் என்று குறைத்துக்கொண்டார்.

அன்றைய ஹாலந்தில் 300 கில்டர் என்பது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஆண்டு ஊதியத்தை ஒட்டிய தொகை. அன்பை அவமதிக்காமல் ஏற்றுக்கொண்டார். தேவைக்கு மேற்பட்டதை மட்டும் விலக்கினார். முழுவதையும் மறுப்பதில் ஒருவகைப் பெருமிதம் ஒளிந்திருக்கக் கூடும். தேவையை அளந்து, அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதற்கு அதைவிட நுண்ணிய விவேகம் வேண்டும்.

ஒரு நாள் உணவு

1670-ஐ ஒட்டி அவர் ஹேக் நகருக்கு வந்தார். முதலில் ஒரு விதவை அம்மையாரின் வீட்டில் உணவும் உறைவிடமும் சேர்த்துப் பெற்று வாழ்ந்தார். அங்கே சற்று அதிகம் செலவாவதாகத் தோன்றவே, 1671-இல் ஹென்ட்ரிக் வான் டெர் ஸ்பைக் என்னும் ஓவியரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உணவைத் தாமே கவனித்துக்கொண்டார். வாழ்வின் இறுதி வரை அந்த அறையே அவரது ஆசிரமம்.

அவர் விட்டுச்சென்ற செலவுச் சீட்டுகளைக் கொலேரஸ் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வெண்ணெய் இட்ட பால் கஞ்சிக்கு மூன்று ஸ்டைவர். அந்நாட்டார் அன்றாடம் அருந்திய பீர் ஒரு குவளைக்கு ஒன்றரை ஸ்டைவர். மற்றொரு நாள் உலர்திராட்சையும் வெண்ணெயும் சேர்த்த தானியக் கஞ்சிக்கு நாலரை ஸ்டைவர். திராட்சை மதுவோ ஒரு மாதம் முழுவதற்கும் மிகச் சிறிதளவே. இருபது ஸ்டைவர் சேர்ந்தது ஒரு கில்டர். நாளொன்றுக்கு நாலரை ஸ்டைவர் என்று கொண்டால், ஆண்டு முழுவதற்கும் உணவுச் செலவு ஏறக்குறைய 82 கில்டரே ஆகிறது. விருந்துக்கு அழைப்போர் பலர் இருந்தனர். எனினும் பிறர் வீட்டு விருந்தைவிடத் தம் வீட்டுக் கஞ்சியையே அவர் விரும்பினார்.

இதனால் அவரைக் கருமி என்று எண்ணிவிடலாகாது. தம்மிடம் இருந்த சிறிதிலிருந்தும் கேட்டவருக்குக் கடன் கொடுத்தார். அவருக்கு 200 கில்டர் தர வேண்டிய ஒருவர் நொடித்துப் போனார் என்ற செய்தி வந்தபோது அவர் கலங்கவில்லை. புன்னகையுடன், அந்த இழப்பை ஈடுகட்டத் தம் அன்றாடச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். வரவில் பெரும்பகுதி போனாலும் மனத்தில் ஒரு துளியும் போகவில்லை.

உடலை வருத்துவதையும் அவர் தவமாகக் கருதவில்லை. நல்லுணவும், பசுஞ்செடிகளின் அழகும், இசையும் அளவோடு துய்க்கத்தக்கவை என்றே தம் தலைசிறந்த நூலான எதிக்ஸில் எழுதினார். பிரமுகர் ஒருவர் அவரைக் காண வந்தபோது, அவர் அணிந்திருந்த பழைய அங்கியைக் கண்டு புதியது வாங்கித் தர முன்வந்தார். மேலங்கி உயர்ந்ததாக இருப்பதால் மனிதன் உயர்வதில்லை என்று ஸ்பினோசா விடையளித்தார். ஆனால் அழுக்கும் அலங்கோலமும் ஞானத்தின் அடையாளமென்றும் அவர் எண்ணவில்லை. அவரது உடை எளியது, ஆயினும் தூயது.

வாலைக் கவ்விய பாம்பு

மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவர் கணக்கைக் கூட்டிப் பார்ப்பார். ஆண்டு வரவுக்கு மேலும் போகாமல், குறைவாகவும் நிற்காமல் செலவு அமைய வேண்டும் என்பதே நோக்கம். தம் வாலைத் தம் வாயில் கவ்வி வட்டமாகக் கிடக்கும் பாம்பு போன்றவன் தான் என்று வீட்டாரிடம் வேடிக்கையாகக் கூறுவார். ஆண்டு முடிவில் மிச்சமும் இல்லை, கடனும் இல்லை என்பது அதன் பொருள். கண்ணியமான அடக்கத்திற்கு வேண்டியதற்கு மேல் சேர்த்து வைக்கும் எண்ணம் தமக்கில்லை என்றும் சொல்வதுண்டு.

ஆண்டு இறுதியில் கணக்குப் பார்ப்பவன் கண்டறிவது நடந்து முடிந்த தவறை. காலாண்டுதோறும் பார்ப்பவனுக்கு அதைத் திருத்திக்கொள்ள இன்னும் ஒன்பது மாதம் கையில் இருக்கிறது. ஸ்பினோசா கணக்கெழுதியது பணத்தின் மீதுள்ள பற்றினால் அன்று. பணத்தைப் பற்றிய கவலை தம் சிந்தனைக்குள் நுழையாதிருக்கும் பொருட்டே.

மறுத்த பதவி

1673-இல் அவருக்குப் பெரியதொரு வாய்ப்பு வந்தது. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக வருமாறு அந்நாட்டு அரசரே அழைப்பு அனுப்பினார். நிலையான ஊதியமும் மதிப்பும் உண்டு. சிந்திக்கும் சுதந்திரமும் உண்டு. நாட்டில் நிலைபெற்ற மதத்தைக் குலைக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. சில வாரங்கள் ஆலோசித்தபின் அவர் பணிவுடன் மறுத்துவிட்டார். அந்தச் சுதந்திரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பது தமக்கு விளங்கவில்லை என்றும், கற்பிப்பதில் இறங்கினால் தமது ஆராய்ச்சி தடைப்படும் என்றும் காரணம் கூறினார்.

இங்கேதான் அவரது சிக்கனத்தின் உண்மைப் பயன் வெளிப்படுகிறது. தேவைகள் பெருகியிருந்தால் அந்த ஊதியத்தை அவரால் மறுத்திருக்க இயலாது. வேண்டாம் என்று சொல்லும் வல்லமையை அவருக்கு அளித்தது அந்த நாலரை ஸ்டைவர் கஞ்சியே.

இறுதிக் கணக்கு

நெடுநாளாக அவரது நுரையீரல் நலிவுற்றிருந்தது. வில்லை தேய்க்கும்போது எழுந்த கண்ணாடித் தூள் அதை மோசமாக்கியிருக்கக் கூடும். 1677 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. வீட்டார் தேவாலயம் சென்று திரும்புவதற்குள், மருத்துவர் ஒருவர் மட்டும் உடனிருக்க, நாற்பத்து நான்கு வயதில் அவர் அமைதியாக உயிர் நீத்தார்.

அந்த வீட்டுக் குடும்பத்தினர் அவரை மிகவும் நேசித்தனர். குழந்தைகளிடம் பெற்றோர் சொற்படி நடக்கும்படி கூறுவார். தம் மதத்தில் இருந்தே கதி அடைய முடியுமா என்று வீட்டு அம்மையார் ஒரு முறை கேட்டபோது, அவரது மதம் நல்லதே, அமைதியும் பக்தியும் கூடிய வாழ்வை வாழ்ந்தால் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை என்று தேற்றினார்.

அவரது உடைமைகள் பட்டியலிடப்பட்டு ஏலம் விடப்பட்டன. ஒரு கட்டில், சில ஆடைகள், ஏழு சட்டைகள், இரு வெள்ளிக் கொளுவிகள், சுமார் 160 நூல்கள், வில்லை தேய்க்கும் கருவிகள். மருந்துக் கடைக்காரருக்கும் முடிதிருத்துபவருக்கும் சிறு பாக்கிகள் இருந்தன. வாரிசாக உரிமை கோரிய சகோதரி, கடன்களைத் தீர்த்தபின் எதுவும் மிஞ்சாது என்று கண்டு ஒதுங்கிக்கொண்டார். வாலைக் கவ்விய பாம்பின் வட்டம் முழுமையடைந்தது.

ஆனால் ஏலத்திற்கு வராத பொருள் ஒன்று இருந்தது. அது ஓர் எழுத்து மேசை. அவர் சொல்லி வைத்தபடியே வீட்டுக்காரர் அதை ஆம்ஸ்டர்டாமிலுள்ள பதிப்பாளருக்கு அனுப்பி வைத்தார். அதனுள்ளேதான் எதிக்ஸ் நூலின் கைப்பிரதி இருந்தது. அவ்வாண்டு இறுதியிலேயே நண்பர்கள் அதனை வெளியிட்டனர்.

குடும்பமும் குழந்தைகளும் உள்ளவர் ஸ்பினோசாவைப் போலக் கஞ்சியில் காலம் தள்ள வேண்டியதில்லை. அவர் தனி மனிதர், கடமைகள் குறைந்தவர். பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் நோய்க்கும் சேமித்து வைப்பது இல்லறத்தாருக்கு அறமே. ஆயினும் அவரிடமிருந்து எல்லோரும் கற்கத்தக்கவை உண்டு. எதற்காக வாழ்கிறோம் என்பதை முதலில் தெளிதல்; அதற்கு எவ்வளவு போதும் என்பதை அளத்தல்; அந்த அளவு மீறப்படாதிருக்கக் காலாண்டுக்கு ஒருமுறை நேர்மையாகக் கணக்குப் பார்த்தல். வரவு பெருகும்வரை காத்திராமல் இன்றே தொடங்கக்கூடிய சாதனை இது. போதும் என்ற சொல்லைக் கணக்கேட்டில் எழுதக் கற்றவருக்கு, மனத்தில் எழுதுவதும் எளிதாகிறது.