அறுபத்து நாலு கிராமும் ஆச்சார்ய ரேயும்

ஒரு பொருளைத் தண்ணீரில் கரைத்து, உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, கரைசலின் செறிவை வைத்து மோலார் நிறையைக் கண்டுபிடிக்கும் கணக்கை வேதியியல் படித்த எல்லோரும் போட்டிருப்போம். சர்க்கரை, யூரியா என்றால் விடை ஒழுங்காக வந்துவிடும். உப்பு என்றால் காலை வாரிவிடும். தண்ணீரில் அது அயனிகளாகப் பிரிந்துவிடுமே! அம்மோனியம் நைட்ரைட்டின் மோலார் நிறை 64. அதில் 64 கிராமை ஒரு கிலோ தண்ணீரில் கரைத்தால், உறைநிலை 1.86 டிகிரிக்குப் பதில் ஏறக்குறைய இரு மடங்கு இறங்கும். கணக்கில் 32-க்குப் பக்கத்தில்தான் விடை வரும். பாதி நிறை!

இந்த உப்போடு மல்லுக்கு நின்றவர்தான் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரே. இன்றைய வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில், ராருலி கிராமத்தில் 1861-இல் பிறந்தார். சிறுவயதில் சீதபேதி வந்து பள்ளிப் படிப்பு நின்றுபோனது. வீட்டில் அப்பாவின் புத்தகங்களே அவருக்குப் பள்ளிக்கூடம். பிறகு உதவித்தொகை பெற்று எடின்பரோ போய், 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். 1889-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். 1892-இல் பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அம்மோனியம் நைட்ரைட்டைச் சூடாக்கினால் நைட்ரஜனும் தண்ணீருமாகச் சிதைந்துவிடும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். ரே அதைச் சுத்தமாகத் தயாரித்தார். காற்றழுத்தத்தைக் குறைத்து, சுமார் 60 டிகிரியில் பக்குவமாகச் சூடாக்கினார். உப்பு சிதையாமல் ஆவியாகி, மறுபடி உப்பாகவே படிந்தது. கரைசல் கைவிட்ட இடத்தில் ஆவி கைகொடுத்தது. அதன் அடர்த்தியை அளந்தார். 1912-இல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் இந்த முடிவைச் சொன்னபோது, நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே பாராட்டினார்.

ரே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தா அறிவியல் கல்லூரியிலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். 1921-இல் அறுபது வயதானதும், அதன்பின் வரவேண்டிய சம்பளம் முழுவதையும் வேதியியல் துறைக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். 1944-இல் மறைந்தார்.

உசிலம்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் படிக்க வந்தவர்கள்தானே நம்மில் பலர்? தம்பி தங்கைகளே, விடை பாதியாக வந்தால் நோட்டில் எண்ணைத் திருத்தி எழுதாதீர்கள். வேறு வழியில் அளந்து பாருங்கள். பழைய மாணவ நண்பர்களே, முழுச் சம்பளம் நம்மால் முடியாது. ஆளுக்கு ஒரு மாணவரின் பரீட்சைக் கட்டணமாவது கட்டலாமே!